இலங்கைக் காட்டுக்கோழியும் டார்வினின் தீர்ப்பும்

கண்டி நகரத்துக்குக் கிழக்கே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் தும்பறைப் பள்ளத்தாக்கிற் குண்டசாலை அமைந்துள்ளது. கண்டியரசின் இறுதிச் சிங்கள மன்னனாகிய நரேந்திரசிங்கன் (1707 - 1739) தலைநகரிலும் பார்க்க இவ்வூர் மாளிகையையே விரும்பி உறைந்தமையாற் 'குண்டசாலை மன்னன்' என வழங்கப்பட்டான். அவன் மதுரையிலிருந்து பெண்கொண்டமையும், அவனுக்குப் பின் அவன் தேவியின் உடன்பிறந்தான் அரசுகட்டில் ஏறி நாயக்கர் வழியைத் தொடக்கியமையும் வரலாற்று மாணவர் நன்கறிந்தவை. ஆயின், விலங்கியல் கற்போர் இவ்வூரை நாடுதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாட்டின் மத்திய கோழியின ஆராய்ச்சி நிலையம் குண்டசாலையைச் சார்ந்த கரந்தகொல்ல என்னும் இடத்திலேயே உள்ளது.

அந்நிலையத்திற் கோழிகள் கம்பிவலைக்குள் வளர்கின்றன. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரைக்காடுகளிலும், வடகிழக்கே எழுந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரல்களிலும் மற்றொரு கோழி வாழ்கின்றது. அஃது எவராலும் வளர்க்கப்படாதது. இத்தீவையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையிற் காணப்படாதது. கம்பிவலைக்குள் உள்ள கோழிக்கும் காட்டிலுள்ள கோழிக்கும் உறவு யாது? இவ்வினாவைச் சார்ள்ஸ் டார்வின் ஆராய்ந்து 1868இல் ஒரு தீர்ப்புக் கூறினார். இத்தீவிற் பிறந்த இரண்டு பறவைகள் அத்தீர்ப்புக்குச் சான்றாயின. அத்தீர்ப்பு ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் என்னவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இனம், கலப்பு, மலட்டுத்தன்மை, பரம்பரையலகு என வகுப்பறையில் வரைவிலக்கணமாக நாம் மனப்பாடஞ் செய்யும் சொற்கள் யாவும் இவ்வொரு பறவையின் வரலாற்றிலே உயிர்பெற்று நிற்றலைக் காணலாம்.

காட்டுக்கோழிச் சாதியில் இன்று வாழும் இனங்கள் நான்கு. வட இந்தியா தொடங்கித் தென்கிழக்காசியா வரை பரந்துள்ளது செங்காட்டுக்கோழி. தென்னிந்தியாவிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழ்வது சாம்பற் காட்டுக்கோழி. சாவகத்திலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் உள்ளது பச்சைக் காட்டுக்கோழி. நான்காவது நம் நாட்டது. 1831இல் இதற்கு அறிவியற் பெயரிட்ட லெசன் என்னும் பிரெஞ்சு அறிஞர், தம் நாட்டுப் பெருமகனாகிய லபாயெத்தை நினைவுகூர்ந்து பெயரிட்டார். சேவலின் உடல் செம்மஞ்சளாய் ஒளிரும். சிறகும் வாலும் கருநீலம் படர்ந்தவை. செங்கொண்டையின் நடுவே மஞ்சள் நிறம் ஒரு திட்டாக விளங்கும். பேடு மண்ணிறம் பூண்டு, உதிர்ந்த இலைகளிடையே கண்ணுக்குப் புலப்படாது திரியும். மலைநாட்டிற் குறிஞ்சியின் உறவாகிய நெலுச்செடிகள் பல்லாண்டுக்கொருமுறை பூத்து விதை உதிர்க்குங்காலத்து இப்பறவைகள் அவ்விடங்களிற் பெருந்தொகையாய்க் கூடும் எனத் தோட்டத்துரைமார் முற்காலத்தில் எழுதிவைத்துள்ளனர்.

சேவற்கொடியோனின் கொடியிலுள்ள சேவல் இந்நான்கனுள் எவ்வினத்தது என மாணவன் ஒருவன் ஒருமுறை வகுப்பிலே கேட்டான். சூரன் மாமரமாகி நின்று, இருகூறாகி, மயிலும் சேவலுமான கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இவ்வினா எழுதல் இயல்பே. சமயக் குறியீட்டை விலங்கியலின் தராசில் நிறுத்தல் பொருந்தாது என்று அவனுக்கு விடை கூறினேன்; எனினும் கேள்வி நல்ல கேள்வி என்பதை இன்றும் ஒப்புகின்றேன். சோழர் தலைநகராகிய உறையூருக்கே கோழி என்றொரு பெயர் வழங்கியது. கோழியோடு தமிழர் கொண்ட உறவு அத்துணைத் தொன்மையானது.

இனி, வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் விலங்குகளை முறையாக ஆராய்ந்தோருள் இருவர் நம் கதைக்கு இன்றியமையாதவர். ஒருவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். 1819இல் இலங்கையிலேயே பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் கற்று, படைமருத்துவராய்ப் பணிபுரிந்தவர். இந்நாட்டு விலங்குகளைத் தொகுத்து 1852இல் நூலொன்று வெளியிட்டார். அன்னியர் வந்து நம் நாட்டை ஆராய்ந்தனர் என்றே பேசிப் பழகிய நாம், இந்நாட்டு மண்ணிற் பிறந்த ஒருவர் அப்பணியின் முன்னணியில் நின்றதைப் பெரிதும் மறந்துவிட்டோம். மற்றவர் எட்கர் லேயார்ட். இங்கு அரசாங்க ஊழியராய் இருந்த எட்டாண்டுக் காலத்திற் பறவைகளைச் சேகரித்து, 1853, 1854ஆம் ஆண்டுகளில் அவை பற்றிய குறிப்புகளை இலண்டனில் வெளியிட்டவர்.

லேயார்டைப் பற்றிப் பேசுங்கால் ஒரு செய்தியைக் கூறாது செல்ல மனம் ஒவ்வவில்லை. அவரிடம் முத்து என்றொரு பணியாள் இருந்தான். பருத்தித்துறையில் லேயார்ட் இருந்தபோது முத்து கொணர்ந்த சிறு பறவையொன்று புதிய இனமெனக் கண்டு, அதற்கு அவன் பெயரையே அறிவியற் பெயராக லேயார்ட் சூட்டினார். மண்ணிற மார்புடைய அந்த ஈப்பிடிப்பான் இன்றும் உலகெங்கும் உள்ள பறவைநூல்களில் 'முத்துய்' என்றே குறிக்கப்படுகின்றது. காட்டையும் பறவையின் குரலையும் அறிந்த உள்ளூரார் எத்தனையோ பேர் இவ்வறிஞர்க்குக் கண்ணும் காதுமாய் இருந்திருப்பர். பெயர் நிலைபெற்றவன் முத்து ஒருவனே போலும்.

இதே காலத்திற் குண்டசாலைக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பூங்காவை நிருவகித்தவர் துவைட்ஸ் என்னும் தாவரவியலறிஞர். 1849 முதல் முப்பதாண்டுகள் அங்கே பணியாற்றிக் கண்டியிலேயே 1882இற் காலமானவர். அவருக்கும் டார்வினுக்கும் கடிதத் தொடர்பு இருந்தது. 'இனங்களின் தோற்றம்' 1859 நவம்பரில் வெளிவந்தது. 1860 மார்ச்சிலேயே டார்வின் துவைட்சுக்கு எழுதிய கடிதத்தில், தம் கொள்கையோடு அவர் சிறிது தூரமேனும் உடன்வருவதில் மகிழ்ச்சி தெரிவித்து, தொடர்ந்து எண்ணிப்பார்த்தால் இன்னும் தூரம் வருவார் என நம்பிக்கையும் கூறினார். கூர்ப்புக் கொள்கை அச்சேறிய சில மாதங்களுள்ளேயே அதைப்பற்றிய உரையாடல் பேராதனைக்கு எட்டிவிட்டது என்பது கருதத்தக்கது.

டார்வின் கோழிகளை ஆராய்ந்ததன் காரணத்தை விளங்கிக்கொள்ளல் அவசியம். அக்காலத்துக் கோழி வளர்ப்போர், ஒவ்வொரு வளர்ப்பு வகைக்கும் தனித்தனியே ஒரு காட்டு மூதாதை உண்டெனப் பெரும்பாலும் நம்பினர். அஃது உண்மையாயின், வளர்ப்புக் கோழிகளிடையே நாம் காணும் பெருவேற்றுமைகள் ஆதியிலிருந்தே இருந்தவை ஆகும். மனிதன் தெரிந்தெடுத்து வளர்த்ததால் உண்டானவை ஆகா. மாறாக, அவை யாவும் ஒரே காட்டினத்தின் வழிவந்தவை என நிறுவின், சிறு வேறுபாடுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தல் எத்துணைப் பெரிய மாற்றத்தை விளைவிக்கும் என்பது கண்முன்னே விளங்கும். மனிதன் சில ஆயிரம் ஆண்டுகளிற் செய்ததை இயற்கை எண்ணற்ற ஆண்டுகளிற் செய்யாதா என்பதே டார்வினின் வாதம். ஆகவே, கோழியின் மூதாதை ஒன்றா பலவா என்னும் வினா, கோழிக்கூட்டைக் கடந்து இயற்கைத் தேர்வுக் கொள்கையின் அடித்தளத்தையே தொட்டு நின்றது.

1868இல் வெளிவந்த, வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் அடையும் வேறுபாடுகள் பற்றிய தம் இருதொகுதி நூலில், டார்வின் நான்கு காட்டினங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரித்தார். நம் நாட்டுப் பறவையைப் பற்றி அவர் கூறியதன் சாரம் இது: கழுத்தின் நிறம் நீங்கலாக, இப்பறவை வளர்ப்புக் கோழியை நெருங்கி ஒத்தது. குரல் மட்டும் இத்துணை வேறாக இல்லாதிருப்பின், லேயார்டும் கெலார்டும் இதனை வளர்ப்புக் கோழியின் மூதாதையருள் ஒன்றெனவே கொண்டிருப்பர் எனத் தமக்குத் தெரிவித்தனர். இக்காட்டுச் சேவல் தனித்திருக்கும் வீடுகளை நாடிவந்து ஊர்க்கோழிகளோடு எளிதிற் கலக்கும். அவ்வாறு பிறந்த சேவலும் பேடுமாகிய இரண்டு கலப்புப் பறவைகள் முற்றிலும் மலடாயிருந்ததை மிட்போர்ட் என்பவர் கண்டார். இரண்டுக்கும் காட்டுக்கோழியின் குரலே வாய்த்திருந்தது. எனவே, இவ்வினத்தை வளர்ப்புக் கோழியின் மூதாதையர் வரிசையிலிருந்து பெரும்பாலும் நீக்கிவிடலாம் என்பதே அவர் முடிபு.

சாம்பற் காட்டுக்கோழியும் பச்சைக் காட்டுக்கோழியும் இவ்வாறே நீக்கப்பட்டன; எஞ்சியது செங்காட்டுக்கோழி. வளர்ப்புக் கோழியோடு கூடி வளமான சந்ததி ஈனுவதும், குரலில் ஒத்திருப்பதும் அதுவே. டார்வின் தாமே சோதனையும் நடத்தினார். கரிய இசுப்பானியச் சேவலை வெண்ணிறப் பட்டிறகுப் பேட்டுடன் கலந்தபோது, அவற்றின் வழித்தோன்றல்களுள் ஒரு சேவல் காட்டுக்கோழியின் செந்நிறக் கோலத்தை ஏறக்குறைய முற்றாகப் பூண்டு நின்றது. மறைந்திருந்த மூதாதையின் உருவம் மீண்டும் வெளிப்பட்டது என அவர் கொண்டார்.

இத்தீர்ப்பைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பளிப்பன இரண்டு. முதலாவது, இலங்கைப் பறவைக்கெதிரான சான்று இரண்டே இரண்டு கலப்புப் பறவைகள். இரண்டாவது, அச்சான்றின் மெலிவை டார்வின் அறிந்தேயிருந்தார். 'பெரும்பாலும்' என்ற சொல்லை அவர் வாளா இடவில்லை. பின்வந்த பாடநூலாசிரியரே அச்சொல்லைக் கைவிட்டுச் செங்காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என உறுதிபட எழுதினர். நாமும் அவ்வாறே கற்பித்தோம்.

டார்வினிடம் கோழிகள் இருந்தன, பிறப்புரிமையியல் இருக்கவில்லை. மெண்டல் தம் பட்டாணிச் சோதனைகளை 1866இல் வெளியிட்டும், அது டார்வினின் கருத்துக்கு எட்டவில்லை. அந்த 1868ஆம் ஆண்டு நூலிலேயே, உடலின் ஒவ்வோர் உறுப்பும் நுண்டுணிக்கைகளை வெளியிட, அவை இனப்பெருக்க உறுப்புகளிற் சென்று கூடுகின்றன என்றொரு கருதுகோளை அவர் முன்வைத்தார், அது நிலைக்கவில்லை. மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என 1902இற் காட்டிய வில்லியம் பேட்சன் அதற்குத் துணைக்கொண்டதும் கோழியே. ரோசாக் கொண்டையும் பட்டாணிக் கொண்டையும் ஒவ்வொன்றும் ஒற்றைக் கொண்டை மீது ஆட்சியுடையவை. அவ்விரண்டையும் தம்முட் கலந்தால், பெற்றோர் இருவரிடமும் இல்லாத வால்நட் வடிவக் கொண்டை முதற் சந்ததியில் தோன்றும். அச்சந்ததியைத் தம்முட் கலந்தால், பதினாறிற்கு ஒன்பது வால்நட், மூன்று ரோசா, மூன்று பட்டாணி, ஒன்று ஒற்றைக் கொண்டை என்னும் விகிதம் கிடைக்கும். காட்டுக்கோழிகளின் கொண்டை ஒற்றைக் கொண்டையே என்பதை இங்கு நினைக்க. டார்வின் மூதாதையின் மீள்வருகை என்று வியந்த நிகழ்ச்சிக்கு விளக்கம் இத்தகையதே: தனித்தனியே பிரிந்துகிடந்த பரம்பரையலகுகள் ஒரு பறவையில் மீண்டும் ஒன்றுகூடின. பிறப்புரிமையியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1905இற் படைத்தவரும் பேட்சனே.

மலட்டுத்தன்மையும் புதிய ஒளியில் விளங்கலாயிற்று. மனிதரிற் பெண்ணின் இலிங்க நிறமூர்த்தங்கள் இரண்டும் ஒத்தவை, ஆணுடையவை வேறுபட்டவை. பறவைகளில் இது தலைமாறானது. சேவலுக்கு ஒத்த சோடி, பேட்டுக்கு வேறுபட்ட சோடி. இரு இனங்களின் கலப்பிற் பிறந்தவற்றுள் ஒரு பால் மட்டும் மலடாயின் அல்லது இறந்தொழியின், அது பெரும்பாலும் வேறுபட்ட நிறமூர்த்தச் சோடியையுடைய பாலாகவே இருக்கும் என்னும் விதியை 1922இல் ஹால்டேன் வெளியிட்டார். (தம் இறுதிக்காலத்தை இந்தியாவிற் கழித்து 1964இற் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்.) இவ்விதியின்படி, கலப்புக்கோழிகளிற் பேட்டின் மலட்டுத்தன்மை வியப்பன்று, ஆனாற் கலப்புச் சேவல்களுள் எப்போதாவது ஒன்று வளமுடையதாய் அமைதல் கூடும். மிட்போர்ட் கண்ட ஒரேயொரு சேவல் மலடாயிருந்ததைக் கொண்டு எல்லாச் சேவல்களும் மலடு என்று முடிவுகட்டல் இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் டார்வினின் தீர்ப்பு உறுதிப்பட்டதாகவே தோன்றியது. 1994இல் யப்பானிய இளவரசர் அக்கிஷினோவும் அவர்தங் குழுவினரும், கலத்தின் இழைமணிகளிலுள்ள டி.என்.ஏயை ஒப்புநோக்கி, வளர்ப்புக் கோழிகளின் தாய்வழி மூதாதை செங்காட்டுக்கோழியே என அறிவித்தனர். இளவரசர் ஒருவர் கோழி ஆராய்ச்சியில் ஈடுபட்டதைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். அவ்வாய்வு பெரிதும் மதிக்கப்பட்டது. 2009இல் வெளிவந்த வேறோர் ஆய்விற் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் பங்குகொண்டு இலங்கையின் ஊர்க்கோழிகளையும் காட்டுக்கோழியையும் இதே முறையில் ஒப்பிட்டனர். காட்டுக்கோழியின் இழைமணி டி.என்.ஏ. தனித்து நின்றது, ஊர்க்கோழிகளில் அதன் சுவடு காணப்படவில்லை.

ஆயினும் ஈண்டு ஊன்றிக் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இழைமணி டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. தந்தையின் பங்கு அதில் இல்லை. டார்வினின் குறிப்பை மீண்டும் நோக்குக. ஊரை நாடி வருவது காட்டுச் சேவல். முட்டையிட்டு அடைகாப்பது ஊர்ப்பேடு. ஆகவே, அத்தகைய கூட்டத்தில் வளமான குஞ்சுகள் பிறந்திருந்தாலும், அவற்றின் இழைமணி ஊர்ப்பேட்டினுடையதாகவே இருக்கும். தந்தைவழி வந்த உறவைத் தாய்வழிப் பதிவேட்டில் தேடினால் அகப்படுமா? பதிவேடு பொய்கூறவில்லை; அது விடையிறுத்த கேள்வி வேறு. என் மாணவர்க்கு இக்கதையை நான் பலமுறை சொல்வது முக்கியமாக இவ்விடத்துக்காகவே.

கருவிலுள்ள நிறமூர்த்தங்களை ஆராயத் தொடங்கியதும் காட்சி மாறிற்று. முதலில் விடுபட்டது சாம்பற் காட்டுக்கோழியின் மீதான தீர்ப்பு. பல ஊர்க்கோழிகளின் கால்கள் மஞ்சளாயிருத்தலை யாவரும் கண்டிருப்போம். செங்காட்டுக்கோழியின் தோலோ வெண்மையானது. உணவிலுள்ள கரோட்டின் வகை நிறப்பொருள்களைச் சிதைக்கும் நொதியமொன்று வெண்டோற் கோழியின் தோலிலே தொழிற்படுகின்றது. மஞ்சட்டோற் கோழியில் அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு தோலில் அடங்கிக்கிடப்பதால், நிறம் சிதையாது படிகின்றது. மனித உடலிலும் இதற்கு உறவான நொதியமொன்றே கரோட்டினை உயிர்ச்சத்து 'ஏ' ஆக்குவது. கரட்டை அளவின்றி உண்போரின் உள்ளங்கை மஞ்சளாதலும் அந்நிறப்பொருள் தோலிற் படிவதாலேயே. கோழியின் மஞ்சட்டோலுக்குரிய பரம்பரையலகு செங்காட்டுக்கோழியிலிருந்து வந்ததன்று, சாம்பற் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008இல் நிறுவப்பட்டது. மலடென நீக்கப்பட்ட தென்னிந்தியப் பறவை உலகக் கோழிக்கூடுகளெங்கும் தன் அடையாளத்தைக் காலிலே பதித்துவிட்டிருந்தது.

பின்னர், 2020இல் நான்கு காட்டினங்களின் முழு டி.என்.ஏத் தொகுதிகளும் வளர்ப்புக் கோழிகளினுடையவற்றோடு ஒப்பிடப்பட்டன. செங்காட்டுக்கோழியே தலையாய மூதாதை என்பது மாறவில்லை. அவ்வளவில் டார்வின் கூறியது நிலைத்தது. ஆனால், சாம்பற் காட்டுக்கோழிக்கும் வளர்ப்புக் கோழிக்குமிடையே இருதிசையிலும் விரிவான பரம்பரையலகுக் கலப்பு நிகழ்ந்துள்ளது. அதனிலும் குறைந்த அளவில் இலங்கைக் காட்டுக்கோழியுடனும் கலப்பு நிகழ்ந்துள்ளது என அவ்வாய்வு காட்டிற்று. கலப்புக் குஞ்சுகள் யாவும் மலடாயிருந்திருப்பின் இஃது நிகழ்ந்திராது. கெலார்டும் லேயார்டும் குரலைக் கேட்டுத் தயங்கிக் கைவிட்ட எண்ணத்தில் ஒரு துளி உண்மை இருந்தது. கெலார்ட் இதனை மட்டுமன்று, டார்வினின் நூலில் தம் பெயர் இடம்பெற்றதையும் அறிந்திலர். இங்கிலாந்துக்குச் செல்லுங் கடற்பயணத்தில் 1860இலேயே அவர் இறந்துவிட்டார்.

இனம் என்பதன் வரைவிலக்கணத்தை இச்செய்தி தகர்த்துவிட்டதாகச் சிலர் கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. இனங்களுக்கிடையேயுள்ள எல்லை மதில் போன்றதன்று, வேலி போன்றது. யாழ்ப்பாணத்துக் கிடுகுவேலியிற் பொட்டு இருப்பதால் இரு வளவுகள் ஒரு வளவாகிவிடுவதில்லை. அரிதாக நிகழும் ஒரு கலப்பிலிருந்து பயனுள்ள ஒரு பரம்பரையலகு மட்டும் மறுபக்கம் சென்று நிலைக்கலாம்; ஏனையவை தேர்வினால் நீக்கப்படும்.

எனினும், வேலிப்பொட்டு இருவழியும் செல்வது. செங்காட்டுக்கோழியின் பழைய அருங்காட்சியக மாதிரிகளை இக்காலப் பறவைகளோடு ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வு, காட்டிலுள்ள அவ்வினத்துள் வளர்ப்புக் கோழியின் பரம்பரையலகுகள் கடந்த நூறாண்டளவிற் பெருகியுள்ளன எனக் காட்டியது. உலகின் கோழிகளுக்கெல்லாம் தாயான இனம், தன் பிள்ளைகளின் பெருக்கத்திலேயே தன் தனித்தன்மையை இழந்துவருகின்றது. இலங்கைப் பறவை உலகில் இந்த ஒரு தீவிலேயே உள்ளது. தும்பறையிற் காடும் ஊரும் சந்திக்கும் இடங்களில், முற்றத்துக் கோழிகள் வேலிகடந்து மேயும் தூரத்திலேயே காட்டுச் சேவலும் திரிகின்றது.

அவ்விடங்களில் விடியற்காலையில் நின்று கேட்போர்க்கு இரு குரல்களும் ஒருங்கே கேட்கும். ஊர்ச்சேவல் நீட்டிக் கூவும். காட்டுச்சேவலின் கூவல் குறுகியது, விட்டிசைப்பது. ஆங்கிலேயர் செவிக்கு அது 'ஜோர்ஜ் ஜோய்ஸ்' என ஒருவனைப் பெயர்சொல்லி அழைப்பதுபோல் ஒலித்ததாம். மிட்போர்ட் கண்ட கலப்புப் பறவைகள் இரண்டும் கூவியது இக்குரலிலேயே.